ஜீரோ கேட்டுக்கு இன்னும் நாற்பது வண்டி

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
ராத்திரி பத்து மணிக்கு அணைத்த இன்ஜின்
விடிந்தும் அங்கேயே ஆறிக் கிடக்கிறது.
இடப்பக்கம் கடல், கருங்கல் கொட்டி நிறுத்திய கடல்.
வலப்பக்கம் குப்பத்துச் சுவர்.
முன்னால் இன்னொரு டிரெய்லரின் முதுகு.
பார்க்க இவ்வளவுதான்.

முதலில் பீடி பிடித்தேன்.
பிறகு போனில் படம் பார்த்தேன்.
மூன்றாவது வருஷம்
என்னை என்ன செய்யப்போகிறாய் என்று
கையே கேட்டது.

டீ விற்கும் குணபூஷணி
நீல ஒயர் ஒரு கட்டை கேபினுக்குள் வீசி
'சும்மா ஹாரன் அடிக்காம இதைப் பின்னு' என்றாள்.
நெல்லிக்காய் முடிச்சு வந்துவிட்டது.
சிவன் கண் போட்டேன்,
அது மாறுகண்ணாய் என்னையே முறைத்தது.
அந்தக் கூடையில் இப்போது
ஸ்பேனர்களும் ஜாக்கிக் கம்பியும்.

வெங்கையா சூளூர்பேட்டைக்காரன்.
புறங்கை முழுக்க ரோமம்.
அந்தக் கைக்குள்
குரோஷா ஊசி எலிபோல் நுழைந்து நுழைந்து வரும்.
எனக்குச் சங்கிலி போடத்தான் வந்தது, திருப்ப வரவில்லை.
கியர் தடியைச் சுற்றினேன், ஸ்டியரிங்கைச் சுற்றினேன்,
விட்டால் திருவொற்றியூர் கோயில் வரை போயிருக்கும்.
வரிசை நகர்ந்தது.
கிளட்சுக்கு அடியில் நூல்.
பல்லால் கடித்தேன்.

சுங்கச் சீட்டுகளை
துடைப்பக் குச்சியில் சுருட்டிச் சுருட்டி
டாஷ்போர்டில் ஒரு பூ ஒட்டினேன்.
வெயிலில் அந்தக் காகிதம் கறுக்குமென்று
யாரும் சொல்லவில்லை.
கறுத்த பூவும் அழகாகத்தான் இருந்தது.
முதலாளி கணக்குக்கு ரசீது கேட்டார்.
இதழ் இதழாய்ப் பிரித்துக் கொடுத்தேன்.

அறுந்த ஹவாய் செருப்பில்
பிளேடால் பெண்டாட்டி பெயரைச் செதுக்கி
கிரீஸும் கரியும் குழைத்துப் பூசி
பழைய சலானில் அழுத்தினேன்.
பரிபூரணம்.
எல்லா எழுத்தும் முதுகு காட்டி நின்றன.
முதல் 'ப' மட்டும்
எந்தப் பக்கம் பார்த்தாலும் ப.
போட்டோ அனுப்பினேன்.
'கண்ணாடியில காட்டினேன், சரியாத்தான் இருக்கு'
என்று பதில் வந்தது.

காசிமேட்டில் இரண்டு மணி நேரம் நின்றபோது
ஸ்தனிஸ்லாஸ், மீசை முளைக்காத பயல்,
கால் கட்டைவிரலில் நைலானை மாட்டி
கிழிந்த வலையை மூடிக்கொண்டிருந்தான்.
கண்ணுக்கு என்ன அளவு என்றேன்.
விரலைக் காட்டினான், இரண்டு.
என் இரண்டு விரல் அவன் மூன்று.
'அண்ணே, உன் வலைல பாதி மீன் ஊருக்குப் போயிடும்.'
பெரிய மீனாகப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.
சிரிக்கவில்லை, அவனுக்கு வேலை இருந்தது.

பெட்டிக்குள் என்ன என்று நான் பார்ப்பதில்லை.
சட்டைத் துணியோ இறாலோ,
எனக்கு எல்லாம் இருபத்திரண்டு டன்.
இன்று சலானில் கண் பட்டுவிட்டது:
கைவினைப் பொருட்கள், 412 அட்டைப்பெட்டி.
எந்தக் கை, என்ன வினை, எழுதவில்லை.
பின்னால் போய்
கதவில் காது வைத்தேன்.
இரும்பு சுட்டது.
உள்ளே முடிச்சா, தையலா, மண்ணா,
எவள் நூலைக் கடித்தாள்,
யாருக்குத் திருப்பத் தெரியாமல் போனது?
போல்ட் சீலைத் தொட்டால் வேலை போகும்.

நாலணாவின் மேல் தாளை வைத்து
பென்சிலால் தேய்ப்போமே, அதுதான் தெரிந்தது.
கதவுத் தகட்டின் மேல் சலானைக் கவிழ்த்து
சாய்த்துத் தேய்த்தேன்.
எண் வந்தது, எடை வந்தது,
எந்த ஊரிலோ வாங்கிய ஒரு நசுங்கல் வந்தது.
பின்னால் ஹாரன்.
வாயில் தாளைக் கவ்விக்கொண்டு ஓடினேன்.

கேட்டில் சலானைத் திருப்பிப் பார்த்தார் எழுத்தர்.
'இது என்னய்யா?'
'பெட்டிதான் சார்.'
'பெட்டி வெளியில நிக்குது.'
ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி
என் பென்சில் கறுப்பின் மேலேயே ஓங்கிக் குத்தினார்.
ஒவ்வொரு எழுத்தும் நேராக விழுந்தது.

'இதைச் செதுக்கினது யாரு சார்?' என்றேன்.
'எடு, எடு, வண்டியை எடு.'