ஏப்பம்

அணைக்குப் பின்னால்
செத்தும் விழாமல் நிற்கிறது காடு.
மர்லூசியா மோட்டாரை நிறுத்துகிறாள்.
இனிமேல் துடுப்புதான்.
தண்ணீருக்கு ஒரு சாண் கீழே
எத்தனை கொம்புகள் என்பது
படகின் அடிவயிற்றுக்குத் தெரியும்.

புனலுக்குள் கவிழ்த்த புனல்கள், இருபத்து மூன்று.
ஒவ்வொன்றையும் ஒரு பட்டமரத்தில்
மஞ்சள் நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள்.
கழுத்தில் சேர்ந்த வாயுவை சிரிஞ்சால் உறிஞ்சி
எத்தனை மில்லி என்று
நோட்டில் எழுத வேண்டும்.
அதற்கு நாள் கூலி. பெட்ரோல் தனி.
மாதம் ஒருமுறை நகரத்திலிருந்து எவாந்த்ரோ வருவான்,
நோட்டை வாங்கித் தன் கணினிக்கு ஊட்டுவான்.

"இதற்கு என்ன பெயர்?"
முதல் நாளே கேட்டிருந்தாள்.
"மீத்தேன்."
"எங்கள் வீட்டில் ஏப்பம் என்போம்."
சிரித்தான். பாதியில் நிறுத்திவிட்டு
"அதேதான்" என்றான்.

தின்றது செரிக்கவில்லை ஏரிக்கு.
இலை, வேர், கறையான் புற்று,
பிரேசில் கொட்டையின் இரும்பு ஓடு,
எல்லாம் அடியில்.
அங்கே காற்று போவதில்லை.
மூச்சே தேவைப்படாத ஏதோ சில உயிர்கள்
இருட்டில் உட்கார்ந்து மெல்கின்றன.
மென்றது குமிழாகி மேலே வந்து
உடையும்போது பெரிய சத்தமில்லை.
ஒட்டிய உதடு பிரிகிற மாதிரி
ஒரு 'ப்'.

நியாயமாகப் பார்த்தால்
ஏரி இவ்வளவு தின்றிருக்க வேண்டியதில்லை.
தண்ணீர் ஏறுமுன் மரங்களை வெட்டி எடுக்க
ஒப்பந்தம் போட்டார்கள்.
காகிதத்தில் காடு முழுக்க விழுந்தது.
ஒப்பந்தக்காரர் ஏப்பம் விட்டார்.
அவருக்குக் கையெழுத்துப் போட்டவர் ஏப்பம் விட்டார்.
இப்போது ஏரியின் முறை.

செப்டம்பர் பக்கங்களில் எண்கள் சாதுவாக இருந்தன.
அக்டோபர் பதினான்கு, பதினைந்து, பதினாறு
குடுவைகள் கொள்ளவில்லை.
தப்பாக எழுதிவிட்டோமோ என்று
ஓர் எண்ணை அடித்தாள்,
மறுபடி அளந்தாள்,
அடித்ததற்குப் பக்கத்திலேயே
அதே எண்ணை எழுதினாள்.

அந்த மூன்று நாளும் நகரத்தில் வெயில்
நாற்பதைத் தொட்டதாம்.
ஏசி ஓடாத சன்னல் இல்லையாம்.
டர்பைன்கள் குடித்துக்கொண்டே இருக்க
அவள் படகு கட்டும் கம்பில்
ஏரி நாலு விரற்கடை இறங்கியிருந்தது.
மேலே அழுத்திய தண்ணீர் குறைந்ததும்
விருந்துக்குப் பிறகு
பெல்ட்டைத் தளர்த்துகிற ஆள்போல்
சேறு தன்னை விட்டுக்கொடுத்தது.

எவாந்த்ரோ நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கோடு போட்டுக் காட்டினான்:
வெயிலிலிருந்து மின்சாரத்துக்கு,
மின்சாரத்திலிருந்து மதகுக்கு,
மதகிலிருந்து குமிழுக்கு,
குமிழிலிருந்து...
பேனா கிளம்பின இடத்துக்கே வந்து நின்றது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் வீட்டில் மின்சாரம் கிடையாது.
கம்பி கூரைக்கு மேலே போகிறது.
ராத்திரியில் அதன் ரீங்காரம் மட்டும்
இலவசமாக இறங்கும்.
ஆனால் நகரத்தில் தகரக் கூரைக்குக் கீழே
தங்கை ஒசெனீரா,
குழந்தையின் கழுத்து வேர்க்குரு சீழ் பிடித்த பிறகு
ஜூலையில் தவணைக்கு ஓர் ஏசி வாங்கினாள்.
முதல் இரண்டு தவணை மர்லூசியா அனுப்பியது.
புனல் கூலி.

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று கேட்கலாம்போல் இருந்தது.
எவாந்த்ரோ அதற்குள்
மரவள்ளி மாவை வறுத்த மீனோடு பிசைந்து
வாய் நிறைய வைத்திருந்தான்.

மறுநாள் தனியாகப் போனாள்.
பதினேழாம் புனலின் கயிறு அறுந்து
புனல் பக்கத்து மரத்தில் சாய்ந்து கிடந்தது.
முடிச்சுப் போட நீரில் கைவிட்டபோது
கீழே இருட்டிலிருந்து ஒன்று
அவசரமில்லாமல் ஏறி வந்தது.
உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.
ஒரு நொடி
கோழிக்குஞ்சின் கனம் இருந்ததுபோல் பட்டது.

பிறகு நோட்டைத் திறந்து,
தேதி போட்டு,
பதினேழுக்கு எதிரே எழுதினாள்:
'ஒன்று தப்பிவிட்டது.
என் விரலிடுக்கு வழியாக.'