தலைக்கணக்கு

தொண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் கடை. உப்புக்காற்றில்
மாதம் ஒரு கத்தரிக்கோல் துருப்பிடிக்கும்.

எந்த ஊரில் என்ன விலைவாசி
என்று என்னைக் கேளுங்கள்.
கோலாலம்பூர் காதை மூடி வரும்.
துபாய் காலரைத் தொடும்.
லண்டனிலிருந்து வந்த நூகுத்தம்பி
ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்:
"அங்கே ஒரு தலைக்கு ஆகிற காசு
இங்கே ஒரு மாத அரிசி, அண்ணே."

மாலேக்காரர் ஒருவருக்குப் பின்னந்தலையில்
எலி கடித்த மாதிரி.
கண்ணாடி பார்த்து அவரே வெட்டியதாம்.
நூற்றிருபது என்றேன்.
மனசுக்குள் ருஃபியாவாக்கிப் பார்த்துவிட்டு
தாடியையும் ஒதுக்கச் சொன்னார்.

என் மகன் ஜெகதீசன் தோஹாவில்.
நேற்று வீடியோ காலில்
தொப்பியைக் கழற்றவே இல்லை.
வெயில் என்றான்.
அங்கே அப்போது
ராத்திரி ஒன்பதரை.