பன்னிரண்டுக்கு ஒன்று

வருடத்தில் ஒரு நாள்
சம்பளத்தோடு ஊருக்கு உழைக்கலாம் என்றது கம்பெனி.
ஸ்வான்சீயில் அன்றைக்கும் மழை.
கணக்குப் பிரிவிலிருந்து நான்,
குத்தகைப் பிரிவிலிருந்து டெக்வென்,
சாரம் கட்டும் கெத்தின்.
அவனுடைய ஹெல்மெட்டில்தான் கீறல்கள் இருந்தன.
எங்களுடையதில்
விலைச்சீட்டுப் பசை.

நூலக வாசலில் இரண்டு படி.
அதன்மேல் மரத்தில் ஒரு சாய்வுப் பாதை.
உயரம் ஒன்றென்றால் நீளம் பன்னிரண்டு:
போன மாதப் பயிற்சி வகுப்பில்
மூன்றாவது ஸ்லைடு, எனக்கு மனப்பாடம்.

நான்கு மணிக்கு, டெக்வென்
ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோது,
சக்கர நாற்காலியில் வந்தார் மிஸஸ் பெவன்.
பாதி ஏறி நின்றார்.
"இது பத்துக்கு ஒன்று."

டேப்பை இழுத்தோம்.
பத்துதான்.
மேல்படி விளிம்பை விட்டுவிட்டு
அளந்தவன் நான்.
எப்படித் தெரிந்தது என்றேன்.
தோளைத் தொட்டுக் காட்டினார்.

இருட்டிவிட்டது.
முடுக்கிய திருகாணிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினோம்.
டார்ச் பிடித்தது அவர்தான்,
"இன்னும் இடதுபக்கம், இன்னும்" என்று
அதட்டிக்கொண்டே.
கெத்தின் பலகை வாங்கப் போனான்.
ரிப்பன் மழையில் நனைந்து தொங்கியது.

டிசம்பரில் மதிப்பீட்டுப் படிவம் வந்தது.
'இந்த ஆண்டு பெற்ற திறன்.'
திருகாணி கழற்றுதல்
என்று எழுதினேன்.
மேலாளர் அதன் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்,
பென்சிலில்.