பதிமூன்று பல்

முதலில் மணம்தான் வந்தது.
ராயக்கோட்டை ரோட்டில் பதினோரு வருடமாக
போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன்.
எரிந்த வார்னிஷ்
எந்தச் சோப்புக்கும் போகாத சொந்தம் எனக்கு.
அன்று ஞாயிறு, கடை பூட்டியிருந்தது.
கல்குவாரிக் கழிவு மேட்டில்
ஒரு முழ நீள லாரியின் வயிற்றிலிருந்து
அதே மணம்,
பொம்மை அளவில்.

ரிமோட் திம்மராஜின் கையில்.
விரல் இன்னும் விசையை விடவில்லை.

வாரம் ஆறு நாளும்
கிரானைட் கட்டை ஏற்றி
தொப்பூர் கணவாயில் இறங்குகிறவன் அவன்.
இரண்டாம் கியரில் உறுமி உறுமி,
பின்னால் வரும் கார்களின்
வசவையெல்லாம் கண்ணாடியில் வாங்கிக்கொண்டு.
அப்படிப்பட்டவன்
ஞாயிற்றுக்கிழமைக்கென்று
பதினேழு பல் பினியன் வாங்கியிருந்தான்.
அதுவும் போதாமல்
சக்கரத்தையும் ஒரு சுற்று பெருக்க வைத்திருந்தான்.

சக்கரம் பெருத்தால் பல் கூடின மாதிரிதான்,
மோட்டாருக்கு இரண்டும் ஒரே பாரம் என்றேன்.
'மூவாயிரத்து முந்நூறு கேவிக்கா' என்றான்.
ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்றுதான்
அந்த எண் சொல்லும்.
எத்தனை மேடு என்று அதில் எழுதியிருக்காது.

தொட்டுப் பார்த்தேன்.
ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள்
விரல் என்னிடமே திரும்பி வந்துவிட்டது.
மூன்று எண்ணும்வரை வைக்க முடிந்தால்
பிழைத்துக்கொள்ளும்,
அது எங்கள் கடைக் கணக்கு.

ஷபானா ஆஸ்பத்திரி டூட்டி முடித்து நேராக வந்திருந்தாள்.
பையில் கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கி.
மோட்டாருக்கு நெற்றி எது என்று தெரியாமல்
நடுவில் குறி வைத்தாள்.
நாற்பத்திரண்டுக்கு மேல்
அதற்கு எண்ணே தெரியாது போல,
சிவப்பாகி, கீ கீ என்று கத்தியது.
'அட்மிட் பண்ணணும்' என்றாள்.

ஆளுக்கொரு வைத்தியம்.
ஃபேன் போடு என்றார்கள்,
அலுமினியச் சட்டை மாட்டு என்றார்கள்.
வந்த சூட்டை விரட்டுகிற வழிகள் அவை.
எனக்கு, சூடு எதற்கு வருகிறது என்று கேட்டே
பழக்கமாகிவிட்டது.

கொசு மூக்கு மாதிரி ஒரு திருகு.
அதைத் தளர்த்திப் பதினேழைக் கழற்றினேன்.
பதிமூன்றை மாட்டினேன்.
பல்லும் பல்லும் இறுகினால் அரைக்கும்,
விலகினால் உதிரும்.
காலையில் டவுன் பஸ்ஸில் தந்த
கட்டணமில்லாப் பயணச்சீட்டை
நடுவில் வைத்து அழுத்தி, முடுக்கி,
பிறகு உருவினேன்.
சீட்டில் வரிசையாகக் கடித்த தடம்.
அரசாங்கம் எனக்குக் கொடுத்ததில்
சரியான கனத்தில் இருந்தது அதுதான்.

வண்டி மேடேறியது.
முனகவில்லை, துள்ளவும் இல்லை,
ரேஷன் அரிசி தூக்கிப் போகிறவர்கள் மாதிரி
ஏறியது.

சமதளத்தில் மாதப்பனின் லாரி
முகத்தில் புழுதியடித்துத் தாண்டிப் போனது.
அதுவும் மேடேறியது, வேகமாகவே.
சூடாகி நின்றுவிடும் என்று
நாங்கள் எல்லோரும் கொஞ்சம் காத்திருந்தோம்.
நிற்கவில்லை.
அவனுடையது நான்கு துருவப் பெரிய மோட்டார்,
திம்மராஜின் அரை மாதச் சம்பளம்.

தொப்பூரில் கார்கள் தாண்டும்போதும்
இவன் முகம் இப்படித்தான் இருக்குமோ?
கேட்கவில்லை.

பன்னிரண்டு நிமிடம் கழித்து நிறுத்தச் சொன்னேன்.
விரலை வைத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்கு.
ஏழுவரை எண்ணினேன், தேவையே இல்லாமல்.
வெதுவெதுப்பாக இருந்தது,
தூங்கி எழுந்தவர்களின் கன்னம் போல.

பதினேழை அவன் திருப்பிக் கேட்கவில்லை.
என் பர்ஸில் சில்லறையோடு கிடந்திருக்கிறது.
இரவு காவேரிப்பட்டணம் பிரிவில்
டீக்குக் காசு நீட்டியபோது
அதுவும் சேர்ந்து போய்விட்டது.
கடைக்காரர் அதை ட்யூப்லைட்டுக்குத் தூக்கி
ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

'எந்த ஊர்க் காசும்மா இது?
கை சுடுது பாரு' என்றார்.
அவர் கையில் இருந்தது டீ கிளாஸ்.