இரண்டு துளைகள்

ஊலு நகரத்துக் கடல்
ஜனவரியில் சாலையாகிவிடும்.
அரசாங்கமே பலகை நட்டிருக்கிறது:
முந்தாதே, இடைவெளி விடு.
ஹில்ப்பா வேனை முப்பதில் ஓட்டுகிறாள்.
என் மடியில் மடிக்கணினி.
முகப்பில் டேப் போட்டு ஒட்டிய சோதனைக் கைபேசி.
வெளியே மைனஸ் இருபத்துநான்கு.

அந்தக் கைபேசிக்கு இரண்டு எஜமானர்கள்.
கரையில் நிற்கும் கோபுரம் தலைமை,
ஹைலுவோட்டோ தீவில் நிற்பது துணை.
எப்போது பேசலாம், எந்த இடுக்கில் வாங்கலாம்
எல்லாமே உத்தரவு வந்தால்தான்.
உத்தரவு வருமா என்பதற்கோ
உத்தரவாதம் கிடையாது.
ஆகவே, கேட்கிறது.
நொடிக்கு ஆயிரம் முறை கரைப்பக்கம்,
நொடிக்கு இரண்டாயிரம் முறை தீவுப்பக்கம்.
ஒவ்வொரு முறையும்
பெயர் எழுதாத உறைகளை எடுத்துத்
தன் எண்ணைச் சாவியாய்ப் போட்டுப் பார்க்கிறது.
திறக்கவில்லை. அடுத்தது.
திறக்கவில்லை. அடுத்தது.

"பாவம், என்னை மாதிரி" என்றாள் ஹில்ப்பா.
அவள் மகன் தாப்பியோ
ஒரு வாரம் அவளிடம்,
ஒரு வாரம் தீவில், அப்பாவிடம்.
இது தீவு வாரம்.
சொந்தக் கைபேசியைச் சட்டைப்பையிலிருந்து
எடுக்கிறாள், பார்க்கிறாள், வைக்கிறாள்.
பாதித் தூரத்துக்குள் ஒன்பது முறை.
நான் எண்ணினேன்.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஏழாவது கிலோமீட்டரில்
சோதனைக் கைபேசி அணைந்தது.
பதிவைத் திறந்தேன்.
இருபத்தைந்து லட்சம் முறை காது கொடுத்திருக்கிறது.
அதற்கென்று வந்தவை நாலாயிரத்துச் சொச்சம்.
மீதியெல்லாம் அடுத்தவர் கடிதம்,
அல்லது வெறும் இரைச்சல்.
குளிர் கொன்றது என்று அறிக்கையில் எழுதலாம்.
உண்மையில்
கேட்டுக் கேட்டே செத்தது.

தீவு முனையில் வண்டியை நிறுத்தினோம்.
பனியில் இரண்டு துளை போட்டு
ஒரு துளையருகே முக்காலியில் ஒஸ்மோ.
மின்வாரியத்தில் வேலை, இன்று விடுப்பாம்.
"உங்க வேன் சத்தத்துல
பாதி மீன் ஸ்வீடனுக்குப் போயிடுச்சு" என்றான்.
இன்னொரு துளை நாற்பது அடி தள்ளி,
ஆள் இல்லாமல்.
"அதை யார் பார்க்கிறது?"
வளைந்த குச்சியின் நுனியைக் காட்டினான்.
சின்ன மணி.
மூன்று மாதமாக இதைத்தான் நாங்கள்
கூட்டம் போட்டு, வரைபடம் போட்டு,
காபி ஆற ஆறப் பேசுகிறோம்.

வேனுக்குத் திரும்பி, புது பேட்டரி மாட்டி,
நாலு வரி மாற்றினேன்.
தீவுக்காது தூங்கட்டும்.
தீவில் உனக்கென்று ஏதாவது இருந்தால்
கரை ஒரு வார்த்தை சொல்லும்,
அப்போது விழித்தால் போதும்.
திரையில் ஒரு கோடு படுத்துக்கொண்டது.
பேட்டரி அளவு அசையாமல் நின்றது,
நல்ல பிள்ளை போல.

மணி அடித்தது.
ஒஸ்மோவின் இரண்டு கையிலும் பிளாஸ்க்.
அருகில் இருந்த ஹில்ப்பா ஓடினாள்,
வழுக்கினாள், முழங்காலில் போனாள்,
நரம்பைப் பிடித்து இழுத்தாள்.
வெறும் கொக்கி.
இரையை மட்டும் மென்றுவிட்டுப் போயிருந்தது.
"பரவாயில்லை, அப்படித்தான்" என்று
இன்னொரு புழுவைத் தேடினான் ஒஸ்மோ.

அதே நேரம்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன்,
என் திரையிலும் ஒரு சிவப்புப் புள்ளி.
எழுப்பும் சொல் வந்திருக்கிறது,
தீவுக்காது விழித்திருக்கிறது,
எட்டு மில்லிநொடி தாமதமாக.
முதல் பொட்டலம் போயேவிட்டது.
மறுபடி அனுப்பினார்கள், வந்து சேர்ந்தது.
எட்டு அதிகமா என்று
திங்கட்கிழமை சண்டை போடுவார்கள்.

வேன் இருக்கையில்
அவள் மறந்துவிட்டுப் போன கைபேசியில்
தவறிய அழைப்பு ஒன்று.
பனி ஒட்டிய முழங்காலோடு
கதவு திறந்தபடியே திருப்பி அழைத்தாள்.
எனக்கும் கேட்டது அந்தக் குரல்,
எந்தக் கோபுரம் வழியாக என்று
முதன்முறையாக நான் பார்க்கவில்லை:
"ஒண்ணுமில்லம்மா.
என் நீலக் காலுறை
அங்கேயா இருக்கு, இங்கேயா?"