பதினோராம் கேமரா

கோரேகாவ் படப்பிடிப்பு நகரின் பின்வாசலில்
இரவு பத்துக்கு விரல் ரேகை வைத்து உள்ளே வருகிறேன்.
எட்டு மணி நேரம், ஆயிரத்து நூறு ரூபாய்.
வேலை இதுதான்:
பதினோராம் கேமராவில் ஒருத்தி தூங்குவதைப் பார்ப்பது.
தூக்கத்தில் தமிழில் ஏதும் சொன்னால்
இந்தியில் எழுதிவைப்பது.

திரையில் அவள் இஷா.
ஆதாரில் இசக்கியம்மாள்,
தாராவி, தொண்ணூறடிச் சாலை.
செருப்புக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவள்,
மாதம் பதினாறாயிரம்.
இங்கே சம்பளம் கிடையாது, வாய்ப்பு உண்டு.
ஒப்பந்தத்தை நான் பார்த்திருக்கிறேன்.
நாற்பத்தோரு பக்கம்.
'தொழிலாளி' என்ற சொல் ஒரே ஓரிடத்தில்,
'அல்ல' என்பதற்கு முன்னால்.

2.14 புரண்டு படுத்தாள்.
2.31 மைக் பேட்டரி விலாவில் குத்துகிறது போல. கழற்றக் கூடாது.
3.05 அழுகை, நாற்பது நொடி.
பக்கத்தில் நட்சத்திரம் போட்டேன்.
அழுகைக்கு எப்போதும் நட்சத்திரம்தான்,
எடிட்டர் காலையில் அதைத்தான் முதலில் திறப்பார்.
என் கண் எரிந்தால் டீ குடிக்கப் போகலாம்.

ஒலிப்பதிவாளர் மாத்ரே சொல்வார்:
"இவர்களை யார் கூப்பிட்டது?
வரிசையில் நின்று, தானாக வந்தவர்கள்."
நானும் வரிசையில் நின்றுதான் வந்தேன்.
அதற்காக என் கூலியை யாரும் பிடித்துக்கொள்வதில்லை.
இதை அவரிடம் சொல்லவில்லை.
அவருக்கும் எனக்கும் ஒரே கேண்டீன்.

இருபத்தேழாம் நாள்
தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவள்
லென்ஸுக்கு நேரே முகம் வைத்தாள்.
நான் மூன்று மாடி தள்ளி இருந்தேன்.
இருந்தும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன்.

"ஏல, அங்கன தமிழ் ஆளு இருக்கியா?
ராத்திரி முழிக்கதுக்கு
ஒனக்கு எவ்வளவு தாராவ?"

சிரித்தாள்.
தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

3.48
'தெளிவில்லை' என்று எழுதினேன்.
நட்சத்திரம் போடவில்லை.

அந்த வாரமே ஓட்டு குறைந்து அனுப்பிவிட்டார்கள்.
பையில் இரண்டு மாற்றுடை,
குளிர்பானக் கம்பெனி கொடுத்த தொப்பி.
செருப்புக்கடையில் வேறு பெண் நிற்கிறாளாம்,
மேக்கப் அறையில் பேசிக்கொண்டார்கள்.

காலை ஆறரை, கோரேகாவ் நடைமேடை.
விரார் வண்டி இரைந்துகொண்டு வரும்போது
யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்
வாய்விட்டுச் சொன்னேன்:

ஆயிரத்து நூறு, இசக்கி.
ஆட்டோக் காசு தனி.