ஆறாவது சிலிண்டர்

மூன்றாம் தரமும் அது கொதித்து நின்றது
வளத்தாப்பிட்டிக் குளத்தருகே.
எண்பது வருஷத்து டொஜ்.
வெள்ளைக்காரன் சண்டைக்குக் கொண்டுவந்து
சண்டை முடிய விட்டுப் போனது.
அம்பாறை ஏலத்தில் இரும்பு விலைக்கு எடுத்து
ஆறு மாசம் தட்டி, ஒட்டி,
பழைய பச்சைதான் வேணுமென்று
பச்சையும் அடித்தார்
வட்டவிதானை இஸ்மாலெவ்வை.

அந்தப் பச்சை எனக்குப் பிடிக்கவில்லை.
மல்வத்தையில் பூரணலெச்சுமியின் கடை
சத்தம் கேட்டதுமே பலகை போட்டுக்கொண்டது.
மறுகா, பொனெட்டுக்குள்ளால் ஆவி சீறுவதைப் பார்த்து
ஒரு பலகையை மட்டும் கழற்றி
வாளியை நீட்டினாள்:
"தண்ணி கேட்டு நிக்கிற ஆமி வண்டிய
இப்பதான் பாக்கிறன்."

ரேடியேற்றரை இறக்கிக் கழுவினேன்,
குழாய் குழாயாய்க் கம்பி விட்டேன்.
தேர்மோஸ்டாட்டைக் கொதிநீர்ச் சட்டியில் போட்டேன்,
சொன்ன சூட்டில் வாய் திறந்தது, நாணயமான சாமான்.
வோட்டர் பம் புதிது.
பெல்ட் இறுக்கம். ரைமிங் சரி.
இருந்தும் வளத்தாப்பிட்டி.
"நீ மெக்கானிக்கா, தேத்தண்ணிக் கடைக்காரனா?"
என்றார் விதானையார்.

அன்று பொழுதுபட எஞ்சினை ஓடவிட்டு
முன்னாலிருந்து கையை வைத்துக்கொண்டு போனேன்.
ஒன்றில் கை கிடந்தது.
மூன்றிலும் கிடந்தது.
ஐந்தில் எடுத்துவிட்டேன்.
ஆறில் எச்சில் தொட்டு வைத்தேன்,
சுள்.

எனக்குத் தெரிந்த சூடு.
வாய்க்கால் முடிகிற இடத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர்.
முன்வயல்காரன் குடித்து, நடுவயல்காரன் குடித்து,
என் வரம்புக்கு வருவது
தண்ணி திறந்தாச்சு என்ற செய்தி மட்டும்.
விதானையார் வயல் மதகடியில்.

பம்மைத் திரும்பவும் கழற்றினேன்.
அதற்குப் பின்னால், எஞ்சினின் வயிற்றுக்குள்,
நீட்டுக்கு ஒரு தகட்டுக் குழாய்.
ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு வாய்.
கொக்கி போட்டு இழுத்தால்
பாதிதான் வந்தது.
மிச்சம் கறள், சேறு,
எந்த ஊர் ஆற்றுத் தண்ணியோ, மணலும் கொஞ்சம்.
முன்னுக்கே உடைந்து
வந்த தண்ணியெல்லாம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.
பின்னுக்கு இருந்தது
வெந்து வெந்து நின்றிருக்கிறது.

புதுக் குழாய்க்கு எங்கே போக?
ரிஸ்மீனின் மருந்தடிக்கிற பழைய பித்தளை டாங்கியை வெட்டினேன்.
நெருப்புக் காட்டியதும்
பத்துப் போகத்து நஞ்சு மணம் கறாச் முழுக்க.
தட்டி மடித்து, ஈயம் ஊற்றி,
அரத்தால் வாய் திறந்தேன்.
முதலாவதுக்குச் சின்னது,
போகப் போகப் பெரிது,
ஆறாவதுக்கு என் பெருவிரல் போகும்.

விதானையார் அதைக் கையில் வாங்கி
வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
"ஏன் கடைசிக்கு இவ்வளவு பெரிசு?"
"அது கடைசி," என்றேன்.
வேறு காரணம் இருந்தது, அமுக்கம், வேகம் என்று.
சொல்லவில்லை.
அவர் குழாயைத் திருப்பித் திருப்பி
வாய்களை எண்ணினார்.
ஆறுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய ஓடினோம்.
வளத்தாப்பிட்டியில் நான் மூச்சைப் பிடித்திருந்தேன்.
கொக்கு நின்றது, குளம் நின்றது,
டொஜ் நிற்கவில்லை.
அம்பாறை தாண்டி இங்கினியாகலைக் கட்டு மட்டும்
ஊசி நூற்றெண்பதை விட்டு அசையவில்லை.
கட்டில் இறங்கி
அவர் தண்ணியைப் பார்த்தார்.
நான் பொனெட்டைத் திறந்து
ஆறில் கையை வைத்தேன்.
கிடந்தது.

திரும்பி வரும்போது,
கியரை மாற்றிக்கொண்டு, என்னைப் பாராமல்,
"உன்ட முறை எப்ப?"
"செவ்வாய் ராவு."
"ம்."

காசை எண்ணித் தந்தார், நூறு ரூபாய் குறைய.

செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள்.
பம்முக்குக் கீழே, காஸ்கெட் விளிம்பில்
ஒரு துளி ஊறியிருந்ததை
வண்டி போகுமுன் துடைத்துவிட்டேன்.
துடைத்த இடத்தில்
மறுபடி ஊறியது.